குருசடி வளைவில் விழுந்த கை

என் இடது கையைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் இரண்டு விஷயங்கள் தெரியும். ஒன்று, ஏலப்பாறையில் ஜீப்பிலிருந்து விழுந்ததில் அது கோணிக்கொண்டது. இரண்டு, அதற்கு டாலிப்போமேனஸ் என்று பெயர். இரண்டில் ஒன்று பொய். அந்தப் பொய்யைத்தான் நான் இருபது வயது தாண்டும்வரை நேரில் பார்த்த சாட்சியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கை எப்படி இருக்கும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் படிப்பவர்கள் அவரவர் மனசுக்குத் தோன்றியபடி கோணலாக்கிக்கொள்வார்கள். முழங்கைக்குக் கீழே கொஞ்சம் குட்டை. மணிக்கட்டில் வந்ததும் பெருவிரல் பக்கமாக மடிந்து நின்றுவிடும். பெருவிரல் பேருக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது; வீட்டில் சில ஆண்களைப் போல அதற்கு வேலை ஒன்றும் கிடையாது. மற்ற நாலு விரல்களும் நல்ல உழைப்பாளிகள். பையை மாட்டிக்கொள்ளலாம், குடை பிடிக்கலாம், துவைத்த துணியை இடுக்கிக்கொண்டு மாடிப்படி ஏறலாம். வலி கிடையாது. வலியெல்லாம் பார்க்கிறவர்களுக்குத்தான்.

பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறையும் தாண்டி, வேலிக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு என்று சொல்லக்கூடிய இடத்தில் எங்கள் ஊர். தென்னந்தோப்பு இருக்கிறது, மாடு இருக்கிறது, பங்காளிச் சண்டையும் இருக்கிறது. அந்தச் சண்டையால்தான் நான் இடுக்கியில் பிறந்தேன். நிலம் பிரியாமல் இழுத்துக்கொண்டே போனதில் அப்பா கோபித்துக்கொண்டு மலையேறி, ஏலப்பாறையில் மளிகைக்கடை போட்டார். தேயிலைத் தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைகளில், இருந்தவர்களெல்லாம் எங்கள் கடையில்தான் அரிசியும் தேங்காயெண்ணெயும் வாங்குவார்களாம். எனக்கு நாலு வயதானபோது நிலம் ஒருவழியாகப் பிரிந்தது. கடையை ஏறக்கட்டிவிட்டுக் கீழே வந்தோம்.

வந்து இறங்கிய அன்றே சொந்தபந்தம் அத்தனை பேரும் என் கையைப் பார்த்துவிட்டார்கள். "ஏனுங்க, புள்ளைக்குக் கை ஏனுங்க இப்படி?" என்று கேட்டதும், அம்மா முகம் மாறாமல் "ஜீப்புல இருந்து உளுந்துட்டாளுங்க" என்று சொன்னாளாம்.

மலையைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்கள் எதைச் சொன்னாலும் நம்புவார்கள். அட்டை ஆளையே உறிஞ்சிவிடும் என்றாலும் நம்புவார்கள், மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும் என்றாலும் நம்புவார்கள். ஜீப்பிலிருந்து ஒரு குழந்தை விழுவதா பெரிய விஷயம்? அவ்வளவு பெரிய விபத்தில் அடிபட்ட கையில் ஒரு தழும்புகூட இல்லையே என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. சைக்கிளிலிருந்து விழுந்தவனிடம் எந்தக் கல் குத்தியது என்று விசாரிக்கிற ஊர் அது.

அம்மா ஏன் அப்படிச் சொன்னாள் என்பது இப்போது புரிகிறது. பிறக்கும்போதே இப்படித்தான் என்றால் அடுத்த கேள்வி "யாரு வழியில வந்துது?" என்பதாக இருக்கும். அப்பா வழியா, அம்மா வழியா, எந்தக் கிழவி யாருக்குச் செய்த பாவம் என்று மூன்று தலைமுறையைத் தோண்டுவார்கள். அந்தக் கேள்வி வளர்ந்து வளர்ந்து என் கல்யாணத்தன்று வாசலில் வந்து நிற்கும். விழுந்தது என்று சொல்லிவிட்டால் அது விதி. விதிக்கு வம்சம் கிடையாது. ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணம் பண்ணச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா சொன்னது ஒன்றே ஒன்றுதான். ஆனால் அதை நன்றாகச் சோறு போட்டு வளர்த்தாள்.

முதல் வருஷம் அது வெறும் ஜீப். பிறகு பனி வந்தது. பிறகு, சாலை ஓரத்தில் சிலுவை வைத்து மெழுகுவர்த்தி ஏற்றுவார்களே, அங்கத்திய பேச்சில் குருசடி என்பார்கள், அது இருக்கிற ஒரு வளைவு வந்தது. ஜீப்பின் பின்பக்கக் கதவுக்குச் சங்கிலி அறுந்துபோய், கயிறு கட்டியிருந்தது. தேயிலைக் கொழுந்துச் சாக்குகளுக்கு நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். சிவப்பு ஸ்வெட்டர் போட்டிருந்தேன். நான் ஏழாம் வகுப்புக்கு வந்தபோது, ஒரு கல்யாண வீட்டில் கேட்க நிறையப் பேர் கூடிவிட்டதால், அம்மா யானையையும் கொண்டுவந்து வளைவில் நிறுத்தினாள். அதன்பிறகு யானை எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், எனக்கு இதெல்லாம் ஞாபகம் இருந்தது. சும்மா சொல்லவில்லை. அந்த ஸ்வெட்டர் கழுத்தில் அரித்தது ஞாபகம் இருந்தது. பச்சைக் கொழுந்தின் வாசனை, கயிறு அவிழ்ந்து ஆடியது, தலைக்கு மேலே சிலுவை தலைகீழாகத் தெரிந்தது எல்லாமே ஞாபகம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் இந்தக் கதையை என்னைப்போல யாராலும் சொல்ல முடியாது. மற்றப் பிள்ளைகளுக்கு இரண்டு நல்ல கைகள் இருந்தன. எனக்கு ஒரு நல்ல கையும் ஒரு யானையும் இருந்தன. அவர்கள்தான் பொறாமைப்பட்டார்கள்.

டிகிரி முடித்த பிறகு அரசு வேலைக்கு விண்ணப்பிக்க ஊனச் சான்றிதழ் வேண்டியிருந்தது. அம்மாவும் நானும் பாலக்காட்டுக்குப் போய் மெடிக்கல் போர்டு முன்னால் உட்கார்ந்தோம். நரைத்த மீசை வைத்த ஒரு டாக்டர் என் கையை எடுத்து, பக்கத்தில் நின்ற இரண்டு மாணவிகளுக்கு, சந்தையில் கத்தரிக்காயைத் திருப்பிப் பார்ப்பது மாதிரித் திருப்பித் திருப்பிக் காட்டினார். "ரேடியல் கிளப் ஹேண்ட்" என்றார். "பழைய புஸ்தகங்களில் இதற்கு டாலிப்போமேனஸ் என்று பெயர்." மாணவிகள் பயபக்தியோடு எழுதிக்கொண்டார்கள். பிறகு அம்மாவைப் பார்த்து மலையாளத்தில் கேட்டார்: "ஜனிச்சப்போழே உள்ளதாணல்லே?"

பிறந்தபோதே இருந்ததுதானே என்று கேட்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. இவருக்கு நம் ஜீப்பைப் பற்றித் தெரியாது, எங்கிருந்து ஆரம்பிக்கலாம், பனியிலிருந்தா, யானையிலிருந்தா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா பதில் சொல்லிவிட்டாள்.

"அதே டாக்டரே. ஜனிச்சப்போழே உண்டு."

கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. அம்மா பொய்யைத் தமிழிலும் உண்மையை மலையாளத்திலும் பேசுகிறவள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, முன்கையில் இரண்டு எலும்பு இருக்க வேண்டும், இதில் ஒன்று உருவாகவே இல்லை பாருங்கள் என்று மாணவிகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். விழுந்தால் எலும்பு உடையும், இல்லாமல் போகாது. இது எனக்கு எப்படி இத்தனை நாள் தோன்றவில்லை என்று என்மேலேயே கோபம் வந்தது. எனக்குப் பிறக்கிற பிள்ளைகளுக்கு இது பெரும்பாலும் வராது என்றும் அவர் சொன்னார். அதை நான் காதில் வாங்கிக்கொண்டேன். அம்மாவின் காது வேறு எங்கோ இருந்தது.

வெளியே வந்ததும் பஸ் ஸ்டாண்டில் வைத்துக் கேட்டேன். "அப்போ ஜீப்பு?"

"அது ஊருக்குச் சொன்னதுடி அம்மிணி. இது ஆஸ்பத்திரிக்குச் சொன்னது" என்றாள் அம்மா. ஒன்று நல்ல பாத்திரம், ஒன்று புழங்கும் பாத்திரம் என்று சொல்வது மாதிரி இருந்தது அவள் குரல்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு அழுதேன். கைக்காக அழவில்லை. கை எப்போதும்போலத்தான் இருந்தது. என் ஜீப்பைப் பறித்துவிட்டார்களே என்றுதான் அழுதேன். ஸ்வெட்டர் அரித்தது அப்போதும் ஞாபகத்தில் இருந்தது. ஆனால் அது யாருடைய ஞாபகம் என்று தெரியவில்லை.

அழுது முடித்ததும் போனில் அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்தேன். பாதம் கோணியிருப்பதற்கு லத்தீனில் ஒரு சொல் உண்டாம்: கணுக்கால், பாதம் என்ற இரண்டையும் சேர்த்துச் செய்தது. அதே மாதிரி கோணிய கைக்கும் ஒரு பெயர் வேண்டியிருந்தபோது, யாரோ ஒரு மகானுபாவர் புதிதாக யோசிக்கச் சோம்பல்பட்டு, அந்தக் காலின் பெயரோடேயே கை என்ற சொல்லை ஒட்டவைத்துவிட்டார். ஆக, என் கையின் முழுப் பெயர் கணுக்கால்-பாதக்-கை. அதற்குப் பெயர் வைத்தவரும் அதைச் சரியாகப் பார்க்கவில்லை என்பதில் எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது.

அம்மா அந்தச் சொல்லை ஆஸ்பத்திரியிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்தாள். கிளப் ஹேண்ட் அவளுக்குப் பிடிக்கவில்லை. அதில் எடுப்பு இல்லை. டாலிப்போமேனஸ் பிடித்திருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் சுகர் இருந்தது, பிரஷர் இருந்தது, பெரிய வீட்டில் தைராய்டுகூட இருந்தது. டாலிப்போமேனஸ் எங்களிடம் மட்டும்தான் இருந்தது. "கோணக்கைப் புள்ள" என்று யாராவது வாய்தவறிச் சொன்னால், "அது கோணக்கை இல்லீங்க, டாலிப்போமேனஸுங்க" என்று திருத்துவாள். சொன்னவர் மன்னிப்புக் கேட்பார்.

சொல் மெல்ல மெல்ல ஊரில் பரவியது. பக்கத்துத் தோட்டத்தில் முன்னங்கால் வளைந்து பிறந்த கன்றுக்குட்டிக்கு டாலிப்போமேனஸ் என்றார்கள். அது காலுக்கு வந்தது என்பதால், லத்தீன் கணக்குப்படி அவர்கள் பாதி சரி. தேங்காய் போட வருகிறவர், சாய்ந்து வளர்ந்த ஒரு தென்னையைக் காட்டி, "இந்த மரம் டாலிப்போங்க, நான் ஏற மாட்டேன்" என்றார். அப்பாவுக்குக் கடைசிவரை வாயில் நுழையவில்லை. "அந்த இங்கிலீசு" என்பார். என் கைக்குக் கிடைத்த மரியாதை எனக்குக் கிடைத்ததா என்றால், அது வேறு விஷயம்.

அம்மா ஜீப்பையும் விடவில்லை. "ஜீப்புல இருந்து உளுந்ததுல டாலிப்போமேனஸ் ஆயிப்போச்சுங்க" என்று இரண்டையும் சேர்த்து ஒரே வாக்கியமாக்கிவிட்டாள். மருத்துவ உலகில் இதுவரை யாரும் சொல்லியிராத வாக்கியம். ஒன்று இருந்தால் மற்றது இருக்க முடியாது என்று அவளுக்கு எத்தனையோ முறை சொன்னேன். பிள்ளைகளுக்கு வராது என்று டாக்டரே சொல்லியிருக்கும்போது உண்மையையே சொல்லிவிட்டால் என்ன என்று கேட்டேன்.

"டாக்டரு வந்து ஊடு ஊடாச் சொல்லுவாரா?" என்றாள் அம்மா. "பொறவின்னு ஒரு வார்த்த வாயில வந்தாப் போதும், அப்பறம் ஒருத்தனும் இந்த ஊட்டுப் படியேற மாட்டான். உனக்குக் கல்யாணம் ஆவோணுமா வேண்டாமா?"

வேண்டும் என்றுதான் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அதற்குள் கிருஷிபவனில், அதாவது வேளாண்மை அலுவலகத்தில், கிளார்க் வேலை கிடைத்திருந்தது. விதைக்கும் உரத்துக்கும் வருகிற விவசாயிகளெல்லாம் என் கையைப் பார்த்துவிட்டு, ஜீப்பைக் கேட்டுவிட்டு, பிறகுதான் உரத்தைக் கேட்பார்கள். நானும் சொல்வேன். உண்மை தெரிந்த பிறகும் சொன்னேன். யானையை மட்டும் விட்டுவிட்டேன். அதைச் சொல்ல மனசாட்சி இடம் கொடுக்கவில்லை.

அப்போது ஒரு சம்பந்தம் வந்தது. பொள்ளாச்சிச் சாலையில் தென்னைநார் மில் வைத்திருந்தவர். தரகர் மூலமாக ஜீப், டாலிப்போமேனஸ் இரண்டும் முன்கூட்டியே போய்ச் சேர்ந்திருந்தன. அவர் என்னோடு சில முறை போனில் பேசினார். கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. உங்கள் பக்கம் மழை வந்ததா, ஆபீசில் மத்தியானம் என்ன சாப்பிட்டீர்கள், சத்தமாகச் சிரிக்கிறீர்களே அக்கம்பக்கத்தில் ஒன்றும் சொல்ல மாட்டார்களா என்றுதான் கேட்டார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. பிடித்துவிட்டதால் பயமும் வந்துவிட்டது. ஜீப் பொய் என்று வாயெடுத்தால் இவர் போய்விடுவார். வாயை மூடிக்கொண்டேன்.

பெண் பார்க்க வந்தபோது அவரும் அவருடைய அம்மாவும் தாய்மாமனும் வந்தார்கள். அப்பா இல்லாத பையன், மாமன்தான் வளர்த்தார் என்று தரகர் சொல்லியிருந்தார். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் தலையாட்டிவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. ஆகவே அம்மா அவருக்குத்தான் முதல் காபியைக் கொடுக்கச் சொன்னாள். மெலிந்த ஆள், வெள்ளை வேட்டி, ஓரமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்கிற சுபாவம். நான் தட்டை இடது முன்கையில் தாங்கி, வலது கையால் காபியை எடுத்துக் கொடுத்தேன். அவர் என் கையைப் பார்த்தார், உடனே பார்வையை எடுத்துக்கொண்டார். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா மெதுவாகக் கேட்டார். "தரகரு சொன்னாருங்க. ஜீப்புலன்னு. எப்புடீங்க ஆச்சு?"

அம்மா ஆரம்பித்தாள். இதற்காகத்தானே இத்தனை வருஷம் வளர்த்தது. ஏலப்பாறை, பனி, எஸ்டேட்டுக்குப் போகிற ஜீப், பின்னால் கொழுந்துச் சாக்கு, குருசடி வளைவு. நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். யானை வந்தது.

"ஆனை வல்லீங்க" என்றார் தாய்மாமன்.

அம்மா நிறுத்தினாள். அறையில் இருந்த எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு ஆனை ஒண்ணும் வல்லீங்க. எதுத்தாப்பல லாரி வந்துது, ஒடிச்சுத் திருப்புனேன். பின்கதவுக்குச் சங்கிலி இல்ல. கவுறுதேன் கட்டியிருந்துது. பாப்பா செவப்பு ஸ்வெட்டரு போட்டிருந்துது." அவர் என் அம்மாவைப் பார்த்தார். "அந்த வண்டிய ஓட்டுனது நாந்தேனுங்க."

கல்யாணத்துக்கு முன்னால் இருபது வயதில் அவர் ஏலப்பாறையில் ஆளும் சரக்கும் ஏற்றிப்போகிற டிரிப் ஜீப் ஓட்டியிருக்கிறார். அவருடைய அக்காவுக்கே அதற்கு மேல் தெரியாது. அன்றைக்கு விழுந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் விட்டிருக்கிறார். லைசென்ஸ் கிடையாது. போலீஸ் வந்தால் வண்டி போய்விடும் என்று பயந்த முதலாளி, அப்படியே அவரை பஸ் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு அவர் மலைப் பக்கமே போகவில்லை, ஸ்டியரிங்கையும் தொடவில்லை. திக்கித் திக்கி இதையெல்லாம் சொன்னார்.

பிறகு எழுந்து என்னிடம் வந்தார். என் இடது கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். வேற்று ஆள் யாரும் அந்தக் கையைப் பிடித்ததில்லை, டாக்டரைத் தவிர.

"கண்ணு, நீ இருக்கறயா" என்றார். "நல்லாப் படிச்சு, வேலைக்குப் போயி, நல்லா இருக்கறயா." கண்ணீர் வழிந்தது; துடைத்துக்கொள்ளவில்லை. "நாந்தேன் கண்ணு இந்தக் கைய ஒடைச்சது." அக்காவைத் திரும்பிப் பார்த்தார். "அக்கா, வேற பேச்சே வேண்டாம். இந்தப் புள்ளைய நம்மூட்டுக்குக் கூட்டீட்டுப் போயிரோணும்."

மாப்பிள்ளையின் அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார். மாப்பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்பார்களே, அது நடந்துவிட்டது. அம்மாவின் பொய் அவள் கனவில்கூட நினைக்காத அளவுக்குக் காய்த்துவிட்டது. ஆனால் அம்மாவின் முகத்தில் சந்தோஷம் இல்லை. வெளுத்துப்போய், சுவரோடு ஒட்டி நின்றாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பனி, கயிறு, சிவப்பு ஸ்வெட்டர் எதுவுமே அம்மாவுக்குச் சொந்தக் கற்பனை இல்லை. ஏலப்பாறையில் கடைக்கு வந்து யாரோ சொன்ன வேறு ஒரு குழந்தையின் விபத்தை அவள் எடுத்து எனக்குப் போட்டுவிட்டிருந்தாள். அவளுடைய சொந்தச் சரக்கு யானை மட்டும்தான்.

நான் ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவருக்கும் ஒரு பரிகாரம் ஆயிற்று, எனக்கும் ஒரு கல்யாணம் ஆயிற்று, எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அவர் என் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே இருந்தார், இல்லாத எலும்பு உடைந்த இடத்தைத் தேடுகிற மாதிரி. இந்த மனிதர் இனிமேல் ஒவ்வொரு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நான் சோறு பரிமாறும்போது இந்தக் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். செய்யாத ஒன்றுக்கு நான் அவரைத் தினமும் தண்டித்துக்கொண்டிருப்பேன். என்னால் தாங்க முடியவில்லை. அவரைக் குற்றத்திலிருந்து விடுவிக்கிற சொல் என்னிடம்தான் இருந்தது.

"மாமா, இது நீங்க ஒடைச்ச கை இல்லீங்க" என்றேன். "எனக்குப் பொறக்கும்போதே இப்படித்தானுங்க. டாலிப்போமேனஸ்னா அதுதானுங்க. உள்ளாற ஒரு எலும்பே இல்ல. நான் எந்த ஜீப்புலயும் இருந்து உளுகலைங்க."

அப்பா வெளியே எழுந்து போனார். மாப்பிள்ளையின் அம்மா என் அம்மாவைப் பார்த்தார். "பொறவியேங்களா?" என்று மட்டும் கேட்டார். மாப்பிள்ளை என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். எதிர்பார்த்ததுதான்.

ஆனால் நான் மாமனின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாரம் இறங்கும், பெருமூச்சு விடுவார் என்று காத்திருந்தேன். ஒரு உபகாரம் செய்துவிட்ட பெருமைகூட எனக்கு இருந்தது. அவர் என் கையைத் திருப்பிப் பார்த்தார். தழும்பைத் தேடினார். இல்லை என்று தெரிந்ததும் மெதுவாக விட்டுவிட்டார்.

"அப்போ அந்தப் பாப்பா?" என்றார்.

அந்தக் குழந்தை பிழைத்ததா இல்லையா என்று தெரியாமலேயே அவர் இத்தனை வருஷத்தை ஓட்டியிருக்கிறார். இன்றைக்குக் காபி குடிக்கிற நேரத்துக்கு மட்டும் அது உயிரோடு, படித்து, வேலை பார்த்துக்கொண்டு அவர் முன்னால் நின்றது. அதைத்தான் நான் உண்மை என்ற பெயரில் அவர் கையிலிருந்து பிடுங்கியிருந்தேன்.

"அந்தப் பாப்பா நல்லாருக்குதுங்க" என்றாள் அம்மா.

சுவரை விட்டு முன்னால் வந்திருந்தாள். குரலில் நடுக்கம் இல்லை. "நம்ம கடைக்குப் பக்கத்து லயந்தேனுங்க. நெத்தியில ஒரு தையலு போட்டாங்க, அவ்வளவுதேன். அடுத்த மாசமே லயமெல்லாம் ஓடிட்டுத் திரிஞ்சுது. கடைக்கு வந்து முட்டாயி கேட்டு அழுவும். இப்போ வண்டிப்பெரியாருல கட்டிக் குடுத்திருக்கறாங்க. ரெண்டு பசங்க."

"நெசமாங்களா?"

"என்ற கண்ணாலப் பாத்தனுங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் அழுதார். பிறகு மிச்சமிருந்த காபியைக் குடித்தார். கிளம்பும்போது அம்மாவைப் பார்த்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். மாப்பிள்ளையின் அம்மா "சொல்லி அனுப்பறோமுங்க" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். அவர்கள் சொல்லி அனுப்பவில்லை. நார் மில்காரர் அதன்பிறகு போன் செய்யவும் இல்லை.

அவர்கள் போன பிறகு அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பின்வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு டம்ளராகக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"அம்மா, அந்தப் பாப்பாவுக்கு நெசமாலுமே ரெண்டு பசங்களா?"

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைசி டம்ளரை எடுத்து, புளியை வைத்து அழுத்தித் தேய்த்தாள்.

"அந்த மனுசன் இன்னைக்காச்சும் தூங்கோணுமல்ல?" என்றாள்.